படியெடுத்த நிரலும் எரிந்த மின்னோடியும்

பொருள் விளங்காததைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, அதனையே தன் கல்வியென்று தருக்கித் திரிவது தமிழனுக்குப் பழகிப்போன நோய். பொருள் விளங்காத மொழியில் திருமணம் நடத்தினான்; பொருள் விளங்காத மொழியில் வழிபட்டான்; பொருள் விளங்காத மொழியில் வழக்கு மன்றத்தில் கைகட்டி நின்றான். இன்று அவன் மகன், பொருள் விளங்காத நிரலைப் பொறியில் ஏற்றிவிட்டு, 'யானும் அறிவியல் கற்றேன்' என்கின்றான். முன்னவை மூன்றும் தமிழனின் மானத்தைக் கெடுத்தன. நான்காவது, ஓர் உழவரின் மின்னோடியை எரித்தது. அணிக்காகச் சொன்னதன்று, கண்ணாற் கண்டதைச் சொல்கின்றேன்.

எம் பள்ளியில் மேனிலை வகுப்புப் பயிலும் மாணவன் ஒருவன். அவன் தந்தைக்குச் சிறு நிலமும் ஆழ்துளைக் கிணறும் உண்டு. மும்முனை மின்னோட்டம் நள்ளிரவில் வந்தால், அவர் இருளிலும் பாம்பச்சத்திலும் வயலுக்கு நடந்து சென்று நீர்மூழ்கி மின்னோடியை இயக்க வேண்டும். தந்தையின் கால்நோவைப் பொறாத மகன், ஓர் ஆர்டுயினோப் பலகையை வாங்கினான். மின்னோட்டம் வந்தவுடன் மின்னோடியை இயக்கு, ஒரு மணித்துளி பொறுத்திரு, குழாயில் நீர் வருகின்றதா என்று உணரியைக் கேள், வாராவிடின் நிறுத்து. இவ்வளவே அவன் கருத்து, நல்ல கருத்து.

நிரலை அவன் தானாக எழுதவில்லை. பயிற்சி கொடுக்க வந்த ஒரு நிறுவனத்தார், "உள்ளே என்ன நடக்கின்றதென்று கேளாதே, படியெடு, ஒட்டு, ஏற்று, அது போதும்" என்று கற்பித்திருந்தனர். அவர்கள் கொடுத்த நிரலில் பொறுத்திருக்கும் நேரம், 10 பெருக்கல் 1,000 என்று எழுதப்பட்டிருந்தது. அஃதாவது பத்தாயிரம் நுண்ணொடி, பத்து நொடி. பள்ளியில் மின்விளக்கை வைத்துச் செய்து காட்டினான், பழுதின்றி நடந்தது. வயலில் பத்தை அழித்து அறுபது என்று எழுதினான். ஒரு மணித்துளிக்கு அறுபது நொடி என்பதில் ஐயமுண்டோ? கிணற்றில் நீர் இருந்த நாள்களிலெல்லாம் அதுவும் நடந்தது. நீர் வற்றிய ஓர் இரவில் மின்னோடி நிற்கவேயில்லை. நீர்மூழ்கி மின்னோடியைக் குளிர்விப்பது அதனைச் சூழ்ந்தோடும் நீரே. நீரின்றி விடியும்வரை ஓடினால் சுருள் கருகாமல் என்செய்யும்? தூக்கியெடுத்துச் சுருள் கட்டி மீண்டும் இறக்க ஆன செலவு கடனாக நின்றது.

அந்நிறுவனத்தாரிடம் கேட்டதற்குக் கிடைத்த மறுமொழியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "தமிழ்வழிப் பிள்ளை, ஆங்கிலம் சரியாகத் தெரியாது, அதுதான் தவறிவிட்டது" என்றனர். தமிழ்தான் மின்னோடியை எரித்ததாம்! இப்பொய்யை வேரோடு களைந்தாலன்றி நம் பிள்ளைகட்கு உய்வில்லை.

முதற்கண் பிழை யாதென்று காண்போம். யான் தமிழாசிரியன், பொறியியல் கற்றவனல்லேன். ஆயினும் பழைய மாணவர் ஒருவர் உதவ, அச்சிறுவனுடன் இரண்டு மாலை உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். அப்பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தியில், தனித்துக் குறிக்காத முழுவெண்ணுக்குச் சி மொழி ஒதுக்கும் இடம் பதினாறு இருமத் துணுக்குகள். அவ்விடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. பத்தாயிரம் அதனுள் அடங்கும், அறுபதாயிரம் அடங்காது. அடங்காத எண் 65,536 குறைந்து, கழித்தல் 5,536 என்று மாறிவிடுகின்றது. பொறுத்திருக்கும் கட்டளையோ கழித்தற்குறி அறியாதது. முப்பத்திரண்டு துணுக்கு அகலமுள்ள எண்ணையே கொள்வது. அது கழித்தல் 5,536 என்பதை 429 கோடியே 49 இலக்கத்து 61,760 என்று படிக்கின்றது. அத்தனை நுண்ணொடி எவ்வளவென்று வகுத்துப் பாருங்கள்: 49 நாளும் 17 மணியும்! ஒரு மணித்துளி பொறுத்திருக்கச் சொன்ன பொறி, ஒன்றரைத் திங்களுக்கு மேல் பொறுத்திருக்க உட்கார்ந்துவிட்டது. நீர் வருகின்றதா என்று அது உணரியைக் கேட்கவே இல்லை.

ஆயிரத்தின் பின் யு.எல். என்னும் ஈரெழுத்தைச் சேர்த்திருந்தால் மின்னோடி பிழைத்திருக்கும். இத்தகைய பெருக்கலைக் கண்டால் தொகுப்பி எச்சரிக்கவும் செய்யும். ஆர்டுயினோவின் எழுதுகளத்திலோ, நாமாகக் கேட்டுத் திறந்தாலன்றி அவ்வெச்சரிக்கை வெளித்தோன்றாதவாறு மூடப்பட்டிருக்கின்றது. இப்போது சொல்லுங்கள்: இதில் ஆங்கிலம் எங்கே வந்தது? அறுபது என்பதைத் தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் பதினாறு துணுக்கு விரியுமோ? பிள்ளைக்குத் தெரியாமற் போனது ஆங்கிலமன்று, எண்ணின் அகலம். அதனைத் தமிழில் அரைமணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கலாம். யான் சொல்லிக் கொடுத்தேன், அவன் வாங்கிக்கொண்டான்.

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்னும் முறையில் நடக்கின்றது. எழுத்தறியாதவனுக்குப் பொருளதிகாரம் கற்பிக்கும் பேதை எவனும் இல்லை. நுண்கட்டுப்படுத்திக்கு எழுத்து, துணுக்கும் எண்ணின் அகலமும், சொல், கட்டளை, பொருள், முழுநிரல். எழுத்தைத் தாண்டிப் பொருளுக்குத் தாவச் சொல்வது கற்பித்தல் ஆகாது, ஏமாற்று.

இனி, 'எம்மொழியிற் கற்பது? எம்முறையில் எழுதுவது?' என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இதற்கு விடை சொல்ல வருவோருள் பெரும்பாலார், சந்தையில் அவ்வாண்டு எது விலைபோகின்றதோ அதனைச் சொல்கின்றனர். நாம் பொறியின் இயல்பை வைத்து எண்ணிப் பார்ப்போம்.

1980-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தியில் நிரலுக்கு 4,096 பைட்டு. இயங்குகால நினைவகம் 128 பைட்டு. அத்துணைச் சிற்றிடத்தில் ஒவ்வொரு கட்டளையையும் கையால் அடுக்கும் அசெம்பிளி முறை தேவையாயிருந்தது. இன்றும் அதனைச் சிறிதளவு கற்றவனே பொறியின் உள்ளத்தை அறிவான். அதற்காக முழுவதையும் அதிலேயே எழுதுக என்பது, நெல்லைத் தனித்தனியாக எண்ணி அளக்கச் சொல்வதாகும். அணுக்கத்தில் நின்று எழுதுவதால் மட்டும் பிழை நேராதென்பதும் பொய். தேராக்கு-25 என்னும் கதிர்மருத்துவப் பொறியின் நிரல் அசெம்பிளியில் எழுதப்பட்டதுதான். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். முந்தைய பொறிகளில் இருந்த தனிக்காப்புகளை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் நிரலே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதும் அக்கேட்டுக்கு ஒரு கரணியம்.

1972-அளவில் பெல் ஆய்வகத்தில் தென்னிசு இரிட்சி உருவாக்கிய சி மொழி, பொறிக்கு அணுக்கமாகவும் மாந்தனுக்கு எட்டும் தொலைவிலும் நிற்பது. ஆர்டுயினோ உனோப் பலகைக்கு 32 கிலோபைட்டு நிரலிடமும் 2 கிலோபைட்டு நினைவகமும் உள்ளன; இத்தகைய சிறு பொறிக்குச் சி மொழியும் அதன் வழிவந்த சி பிளசு பிளசும் பொருந்துவன. அதன் குறை, எழுதுவோனை அது தடுக்காமை. எல்லை கடந்து எழுதினாலும் வாளா இருக்கும். எண் வழிந்தாலும் வாளா இருக்கும். அதனாலன்றோ ஊர்தி செய்வோர் 1998-இல் மிசுரா என்னும் கட்டுப்பாட்டு நெறிகளை வகுத்துக்கொண்டனர்! சி மொழியைக் கற்பிப்போர் அந்நெறியையும் உடன் கற்பிக்க வேண்டும். கத்தியைக் கொடுத்துவிட்டு உறையைக் கொடாமற் போவது ஆசிரியர்க்கு அழகன்று.

2013-இல் தாமியன் சியார்சு தொடங்கிய மைக்ரோபைத்தான் எளியது, இனியது. அதில் முழுவெண் வேண்டுமளவு தானே விரியும். அறுபதாயிரம் அதில் வழியாது. ஆயினும் அதற்கு 256 கிலோபைட்டு நிரலிடமும் 16 கிலோபைட்டு நினைவகமும் வேண்டும். உனோப் பலகையில் அது குடிபுகாது. 2021-இல் வந்த இராசுபெரி பை பிக்கோவில் 264 கிலோபைட்டு நினைவகம் உள்ளது; அங்கே நன்கு இயங்கும். மண்ணின் ஈரத்தை மணிக்கொருகால் அளந்து எழுதிவைக்க அதுவே போதும். ஆனால் அது இடையிடையே நின்று தன் நினைவகத்தைத் துப்புரவு செய்துகொள்ளும். நுண்ணொடியும் பிந்தலாகாத வேலைக்கு அதனை நம்பியிருத்தல் தகாது.

2015-இல் முதற்பதிப்புக் கண்ட இரசுட்டு மொழியோ கண்டிப்பான ஆசிரியரைப் போன்றது. நினைவகத்தின் எப்பகுதிக்கு எவர் உடையவர் என்பதை நிரல் ஓடுமுன்பே கேட்டறியும். பதினாறு துணுக்கு எண்ணென்று குறித்து அறுபதை ஆயிரத்தாற் பெருக்கினால், நிரலை ஏற்கவே மறுத்துவிடும். உயிருக்கு ஏதம் தரத்தக்க வேலைகட்கு இத்தகைய மொழிகளே தக்கவை என்பது என் துணிபு. கற்பதற்குக் கடினம் என்பது அதனை ஒதுக்கும் கரணியம் ஆகாது, யாப்பும் கடினமே.

ஆயினும், நல்ல மொழியைத் தேர்ந்துவிட்டோம் என்று அறிவை அடகுவைப்போருக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 1996-ஆம் ஆண்டு சூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியேன்-5 ஏவூர்தி, கிளம்பி நாற்பது நொடி ஆகுமுன் வானில் வெடித்துச் சிதறியது. அதன் நிரல், காப்பு மிகுந்ததென்று புகழப்பெற்ற அடா மொழியில் எழுதப்பட்டது. அறுபத்து நான்கு துணுக்கு எண்ணொன்றைப் பதினாறு துணுக்கு இடத்தில் அடைக்க முயன்றபோது அது வழிந்தது. அந்நிரற்பகுதி எங்கிருந்து வந்தது? ஏரியேன்-4-இலிருந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்டது. பழைய ஏவூர்தியில் அடங்கிய எண், புதிய ஏவூர்தியின் விரைவில் அடங்கவில்லை. பத்தில் நடந்தது அறுபதில் எரிந்த கதையேதான்! உழவன் மகனுக்கு நேர்ந்தது ஐரோப்பிய அறிஞர்க்கும் நேர்ந்தது. அவர்களுக்கு எம்மொழி தெரியாமையால் நேர்ந்தது என்று சொல்வார்களோ, நம் பயிற்சிக்காரர்?

2015-இல் போயிங்கு 787 வானூர்திக்கு அமெரிக்க வான்போக்குவரத்துத் துறை ஓர் ஆணை விடுத்தது. மின்னாக்கியை ஆளும் கருவிகள் 248 நாள் இடையறாது இயங்கினால் மின்னாக்கத்தையே நிறுத்திவிடக்கூடும். ஆகலின் இடையில் ஒருகால் நிறுத்தி இயக்குக என்பது அவ்வாணை. நொடியில் நூறிலொரு பங்காக எண்ணும் கணக்கு, முப்பத்திரண்டு துணுக்கில் நிரம்பி வழியும் காலம் அதுவே. ஆகவே மொழி எதுவாயினும், எண்ணின் அகலத்தை அறியாதவனுக்கு உய்வில்லை.

மொழியைத் தேர்ந்தபின் முறையைத் தேர்தல் வேண்டும். 'பொறுத்திரு' என்னும் கட்டளையைத் தொடக்கப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதே முதற்கேடு. அக்கட்டளையில் நிரல் நிற்குங்கால் அது கண்ணிருந்தும் குருடு, செவியிருந்தும் செவிடு. பெருக்கல் வழியாமல் இருந்திருந்தாலும், அந்த ஒரு மணித்துளியில் வேறு ஏதம் நேர்ந்தால் நம் சிறுவனின் நிரல் அறிந்திராது. வீட்டில் உலைவைத்த தாய் அரிசி வேகும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு சிலையாக நிற்கின்றாளோ? நேரத்தைக் குறித்துக்கொண்டு பிற வேலைகளைச் செய்கின்றாள். இடையிடையே வந்து எவ்வளவு நேரமாயிற்றென்று பார்க்கின்றாள். நிரலும் அவ்வாறே சுழன்று வரவேண்டும்: குறித்த நேரத்தை இற்றை நேரத்தினின்று கழித்துப் பார்த்து, வேளை வந்ததைச் செய்தல் வேண்டும். கூட்டிப் பாராமற் கழித்துப் பார்ப்பது ஏனெனில், ஆர்டுயினோவின் நுண்ணொடிக் கணக்கு ஏறத்தாழ 49.7 நாளுக்கு ஒருமுறை வழிந்து மீண்டும் சுழியத்தில் தொடங்கும். குறியில்லா எண்ணாகக் கழித்தால் அப்போதும் விடை பிறழாது.

கதவைத் தட்டும் விருந்தினரைப்போல் உடனே கவனிக்கத் தக்கவற்றுக்குக் குறுக்கீடு என்னும் ஏந்து உண்டு. அதனுள் குறிப்பெடுத்துக்கொண்டு விரைந்து வெளியேற வேண்டும். அங்கேயே அமர்ந்து விருந்துண்ணல் ஆகாது. வேலைகள் பலவாகி, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முதன்மை இருக்குமாயின், நிகழ்நேர இயங்குதளம் வேண்டும். ஆனால் அதுவும் தானே காக்கும் தெய்வமன்று. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்துபைண்டர் கலத்தில், தாழ்ந்த வேலையொன்று பிடித்துவைத்திருந்த பொதுப்பொருளுக்காக உயர்ந்த வேலை காத்துநின்றது. இடைப்பட்ட வேலைகள் தாழ்ந்ததை முடிக்கவிடாமல் புகுந்தன. கலம் மீண்டும் மீண்டும் தன்னைத்தானே நிறுத்தித் தொடங்கியது. தாழ்ந்த வேலைக்கு உயர்ந்ததன் முதன்மையை அப்போதைக்கு ஏற்றித்தரும் ஏந்து அவ்வியங்குதளத்திலேயே இருந்தது. அது திறக்கப்படாமல் இருந்தது. உள்ளதை அறிந்தவர்கள் இருந்தமையால் மண்ணுலகிலிருந்தே அதனைத் திறந்து கலத்தைக் காத்தனர். படியெடுத்து ஒட்டியவர்களாயின் என்செய்திருப்பர்?

இனி, 'ஆங்கிலமின்றி நிரலில்லை' என்போருக்கு நேர்விடை. 1989-ஆம் ஆண்டுத் தரத்தின்படி சி மொழியின் ஒதுக்கிய சொற்கள் முப்பத்திரண்டே. முப்பத்திரண்டு குறிகளைக் கற்க ஒரு மொழிக்கே அடிமையாக வேண்டுமோ? இன்னும் கேளுங்கள். அதே சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரம், பெயர்களில் வரத்தக்க எழுத்துகளைப் பின்னிணைப்பாகப் பட்டியலிடுகின்றது. அப்பட்டியலில் தமிழ் என்னும் தலைப்பில் நம் எழுத்துகள் இருக்கின்றன! 2008-இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பும் பெயர்களில் தமிழெழுத்தை ஏற்கின்றது. 2020-இல் வெளிவந்த ஞ்சிசிசி தொகுப்பியின் பத்தாம் பதிப்பு, அவ்வெழுத்துகளை நேரே தட்டச்சிட்டாலும் ஏற்றுக்கொள்கின்றது. உலகத் தரம் வகுத்தோர் தமிழுக்குக் கதவைத் திறந்துவைத்துக் காற்நூற்றாண்டு கடந்தது. உள்ளே நுழையாமல் வெளியே நின்று, 'தமிழால் இயலாது' என்று ஒப்பாரி வைப்பவன் தமிழன்!

ஒன்றை மறையாது ஒப்புக்கொள்வேன். நுண்கட்டுப்படுத்திகளின் விளக்க ஏடுகள் பலநூறு பக்கம் கொண்டவை; அவை ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கும் அளவிற்கு ஆங்கிலம் கற்பதில் இழுக்கில்லை. கருவியாகக் கொள்க, கால்விலங்காகக் கொள்ளற்க. அவ்வேடுகளின் சாறு தமிழில் வாராமைக்குக் குற்றவாளிகள் யார்? ஆங்கில அடிமைகள் மட்டுமல்லர், நாமுந்தாம். நுண்செயலியா, நுண்கட்டுப்படுத்தியா, எது தக்க சொல் என்று மேடைதோறும் மல்லாடுகின்றோம்; அக்கருவியின் பதிவகம் ஒன்றைத் தமிழில் விளக்கும் பத்துப் பக்கம் எழுத முன்வருவோர் எத்தனைபேர்? சொல்லாக்கம் வேண்டும், அச்சொல்லை வைத்துப் பொருளாக்கமும் வேண்டும். பொருளில்லாச் சொல் பதர்.

ஆகவே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நான்கு சொல்வேன். முதலாவது, எண்ணின் அகலத்தைக் கற்பியாமல் எந்த நிரலையும் பிள்ளையின் கையில் கொடாதீர். இரண்டாவது, மொழியைத் தேர்கையில் விலைபோவது எதுவென்று கேளாதீர். பொறியின் நினைவகம் எவ்வளவு, வேலை எத்துணைக் காலத்துள் முடிய வேண்டும், பிழைத்தால் கெடுவது விளக்கா உயிரா என்னும் மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது, நிரலை மட்டும் நம்பி எக்காப்பையும் நீக்காதீர். நீரின்றி ஓடும் மின்னோடி குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும். மிகையைக் கண்டு துண்டிக்கும் காப்பு அங்கே பயன்படாது. குறைவைக் கண்டு துண்டிக்கும் தனிக்காப்பும் உடன் வேண்டும். நான்காவது, பிறர் எழுதிய நிரலை எடுத்தாளுங்கால், அதன் ஒவ்வோர் அடிக்கும் தமிழில் உரை எழுத இயலுமா என்று பாருங்கள். இயலாவிடின் அது உங்கள் நிரலன்று.

இந்த நான்காவதை அச்சிறுவனே எனக்குக் கற்பித்தான். இரண்டாம் முறை அவன் நிரலைத் தானே எழுதினான். அடிதோறும் எதிரே தமிழில் குறிப்பெழுதினான். நூலுக்கு உரை கண்ட மரபினன் அல்லனோ! அறுபது என்னும் இடத்தில் அவன் எழுதியிருந்தது: "இங்கே எண் வழியும், முன்பு வழிந்தது, அப்பாவின் மின்னோடி எரிந்தது, யு.எல். சேர்க்க." அதனைப் படித்தபோது என் கண் கலங்கியது. தான் செய்த பிழையைத் தன் மொழியில், தன் கையால், அடுத்துவருவோன் அறிய எழுதிவைப்பவனே அறிவியலாளன். அவனுக்கு ஆங்கிலம் தெரியாதென்று நகைத்தவர்களின் நிரலிலோ ஒரு வரிக்கும் உரையில்லை.

தமிழ் மக்களே! படியெடுக்கும் கல்வியைப் புறந்தள்ளுங்கள். வேர் அறிந்து சொல்லைக் கற்பதுபோல், துணுக்கு அறிந்து பொறியைக் கற்பியுங்கள், தமிழிற் கற்பியுங்கள். பொறிக்கு எம்மொழியும் ஒன்றே. கற்கும் பிள்ளைக்குத் தாய்மொழியே கண். அக்கண்ணைக் கட்டிவிட்டு, நம் பிள்ளைகளைப் பாழுங்கிணற்றை நோக்கி நடத்துவோரை இனியும் பொறுத்திருக்க வேண்டா!